ஆறு அடி மீன் தொட்டி, பத்து மில்லிமீற்றர் கண்ணாடி: வீட்டுக்குள் வைக்கலாமா?

வாவிக்கரை (கல்லடி)

வணக்கம். அனுபவம் உள்ளவர்களிடம் ஒரு ஆலோசனை வேண்டும்.

என் மச்சான் குடும்பத்தோடு வெளிநாடு போகிறார். அவருடைய பெரிய மீன் தொட்டியை என்னை எடுக்கச் சொல்கிறார். நீளம் 6 அடி, அகலம் 2 அடி, உயரம் இரண்டரை அடி. கண்ணாடி 10 மில்லிமீற்றர். ஏழெட்டு வருடம் அதில் ஒஸ்கார் மீன் வளர்த்தார். கடைசி ஒரு வருடமாகத் தண்ணீர் இல்லாமல் பின்தாழ்வாரத்தில் கிடந்தது. இரும்பு ஸ்டாண்டும் உண்டு. பணம் எதுவும் கேட்கவில்லை.

சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்த ஆசை இருக்கிறது. ஆனால் ஹோலுக்குப் பக்கத்து அறையில் அம்மா படுக்கிறார். மகளுக்கு மூன்று வயது, ஓடி ஓடிக் கண்ணாடியில் கை வைக்கிற வயது. "நடுச்சாமத்தில உடைஞ்சா என்ன செய்வாய் மகன்?" என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்படிப்பட்ட தொட்டி உண்மையிலேயே உடையுமா? கசிவது எப்படித் தொடங்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலக்கெளிறு (கல்முனை)

தம்பி, பயப்படாமல் எடுங்கள். என் வீட்டில் 5 அடித் தொட்டி பதினோரு வருடமாக நிற்கிறது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. மீன் வளர்க்கிற வீடுகளில் நான் பார்த்த "ஒழுக்கு"களில் பாதிக்கு மேல் தொட்டியில் இருந்து வந்தவையே அல்ல. ஃபில்டர் குழாயின் மூட்டு தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் காற்று மோட்டர் தெறிக்கிற தண்ணீர் மூடியின் விளிம்பு வழியாக வெளியே வடிந்திருக்கும்.

2025 பெப்ரவரி 9, அந்த ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். அன்று பின்னேரம் என் தங்கை அழாத குறையாகக் கோல் எடுத்தாள், தொட்டி வெடித்துவிட்டது, நிலமெல்லாம் தண்ணீர் என்று. போய்ப் பார்த்தால் கண்ணாடி அப்படியே இருக்கிறது. காற்று மோட்டரை நிலத்தில் வைத்திருந்தார்கள். மோட்டர் நின்றதும் தொட்டித் தண்ணீர் அந்தச் சின்னக் குழாய்க்குள் ஏறி, மோட்டர் வழியாக வெளியே வடியத் தொடங்கிவிட்டது. குழாயின் வாய் தொட்டியின் அடியில் இருந்தால் கடைசி வரைக்கும் வடியும். மோட்டரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு தட்டில் வைத்தால் சரி. அல்லது குழாயில் ஒருவழி வால்வு போட வேண்டும், பெரிய செலவில்லை.

கண்ணாடிவேலை (செங்கலடி)

நீலக்கெளிறு அண்ணன் குழாய்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் "பயப்படாமல் எடுங்கள்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் இருபது வருடமாகக் கண்ணாடி வெட்டுகிறேன், தொட்டியும் செய்து கொடுக்கிறேன். அண்ணனுடைய தொட்டி எத்தனை அடி உயரம், என்ன கண்ணாடி என்று முதலில் சொல்லட்டும்.

தொட்டி வாங்க வருகிறவர்கள் நீளத்தைத்தான் கேட்பார்கள். ஆனால் கண்ணாடியைத் தள்ளுவது தண்ணீரின் உயரம். அடியில் எவ்வளவு அழுத்தம் என்பதை ஆழம் மட்டும்தான் தீர்மானிக்கிறது. முன்கண்ணாடி முழுவதிலும் விழுகிற மொத்தத் தள்ளு, உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 6 அடி நீளத் தொட்டியில் 2 அடி தண்ணீர் நின்றால் முன்கண்ணாடியை ஏறக்குறைய 340 கிலோ எடை வெளியே தள்ளுகிறது. இரண்டரை அடி நின்றால் அது 530 கிலோ ஆகிவிடும். அரை அடிதான் கூடியது, சுமை ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது. கண்ணாடி அப்படியே வளைந்து கொடுக்கும். அந்த வளைவை மூலையில் உள்ள சிலிக்கன் இரவு பகலாகத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

6 அடி நீளமும் 2 அடி உயரமும் என்றால் நான் 12 மில்லிமீற்றர் போடுவேன். 10 போட்டால் மேல்விளிம்பு சுற்றிவரக் கண்ணாடிப் பட்டியும் நடுவில் ஒரு குறுக்குப் பட்டியும் கட்டாயம். இரண்டரை அடி உயரத்துக்கு 10 என்றால் என் கடையில் செய்து கொடுக்க மாட்டேன். கண்ணாடித் தடிப்புக்குக் கணக்குப் போடுகிறவர்கள் வழக்கமாக 3.8 என்ற பாதுகாப்பு விகிதத்தை வைப்பார்கள். கண்ணாடி தாங்கக்கூடியதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏறக்கூடாது என்பது அதன் கருத்து. ஏன் அவ்வளவு என்றால், கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தால் அதன் பலம் என்னவென்று யாருக்கும் சொல்ல முடியாது.

வாவிக்கரை தம்பி, மேலே பட்டி இருக்கிறதா? பட்டியின் ஒட்டு இறுக்கமாக இருக்கிறதா? அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆரையம்பதி டீச்சர்

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். "எப்படித் தொடங்கும்" என்று தம்பி கேட்டதற்கு அதுவே பதிலாக இருக்கும்.

எங்களுடையது 4 அடித் தொட்டி. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உவர், சுண்ணாம்பும் கூட. ஒரு நாள் தூசி துடைக்கும்போது பின்மூலையில், கீழிருந்து ஒரு சாண் உயரத்தில், வெளிப்பக்கக் கண்ணாடியில் வெள்ளைக் கோடு ஒன்றைக் கண்டேன். நூல் மாதிரி மெல்லியது. நகத்தால் சுரண்டினேன், மாவாக உதிர்ந்தது. தொட்டுப் பார்த்தேன், ஈரம் இல்லை. சுவர்ச் சுண்ணாம்பு என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். இரண்டு கிழமையில் அதே இடத்தில் அதே கோடு வந்தது. மறுபடியும் துடைத்தேன்.

அது கசிவுதான் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ஊறி வந்த தண்ணீர் வெளியே வந்த உடனே காய்ந்து, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. கச்சான் காற்று வீசுகிற மாதம், ஈரம் எங்கே நிற்கும்? மூன்றாவது மாதம் ஒரு இரவு இரண்டு மணிக்குக் காலை நிலத்தில் வைத்தேன், கணுக்கால் நனைந்தது. மூலையில் சிலிக்கன் ஒரு முழ நீளத்துக்கு விட்டுப்போயிருந்தது. கண்ணாடி உடையவில்லை, ஆனால் ஒரு மணித்தியாலத்தில் முக்கால் தொட்டி காலி. பிள்ளைகளின் சான்றிதழ் பைகள் கட்டிலுக்குக் கீழே இருந்தன. அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.

சுருள் வயரும் மல்ட்டி பிளக்கும் நிலத்தில்தான் கிடந்தன. தண்ணீருக்குள் கால் வைத்த பிறகுதான் எனக்கு அது நினைவு வந்தது. ட்ரிப் சுவிச் விழுந்திருந்ததால் தப்பினேன்.

தம்பி, வெள்ளைக் கோட்டைக் கண்டால் துடைக்காதீர்கள். அந்த இடத்தில் ஒரு ரிசு பேப்பரை ஒட்டி வைத்துக் காலையில் பாருங்கள்.

வாவிக்கரை (கல்லடி)

டீச்சர், வாசிக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு நன்றி.

கண்ணாடிவேலை அண்ணன், போய்ப் பார்த்தேன். நீளப் பக்கம் இரண்டிலும் மேலே மூன்று அங்குலப் பட்டி இருக்கிறது. நடுவில் குறுக்குப் பட்டி இல்லை. முந்தி இருந்ததாம், கழுவும்போது கழன்றதால் எடுத்துவிட்டார்களாம். ஸ்டாண்ட் இரண்டு அங்குலப் பாக்ஸ் பார், உள்ளே வெறுமையான சதுர இரும்பு. மச்சானின் வீடும் கடற்கரைப் பக்கம். மேலே பெயின்ட் நன்றாக இருக்கிறது. ஆனால் கால் ஒன்றின் அடியில் ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்த்தேன், பொருக்கு உதிர்ந்து முனை உள்ளே போய்விட்டது. நிலம் கழுவுகிற தண்ணீர் காலின் திறந்த வாய் வழியாக உள்ளே ஏறி, உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கிறது.

கண்ணாடிவேலை (செங்கலடி)

குறுக்குப் பட்டியை எடுத்துவிட்டார்களா! அந்தப் பட்டிதான் முன்னையும் பின்னையும் பிடித்து வைத்திருந்தது. அது கழன்றதற்கே காரணம் கண்ணாடி வெளியே தள்ளியதாக இருக்கலாம். அந்த ஸ்டாண்டை இரும்புக்குப் போடுங்கள். புதிதாக அடிப்பதென்றால் காலின் வாயைத் தகடு வைத்து வெல்டிங் பண்ணி அடைக்கச் சொல்லுங்கள். காலுக்கு அடியில் றப்பர் வைக்க வேண்டும்.

மேல்மாடி வாசி (மட்டக்களப்பு நகர்)

நானும் இடையில் ஒரு கேள்வி கேட்கலாமா? எங்கள் வீடு மேல்மாடியில். 4 அடித் தொட்டி வாங்க நினைத்திருந்தேன், இதை வாசித்த பிறகு யோசனையாக இருக்கிறது. சுமையைத் தளம் தாங்குமா? மற்றது, 2022 டிசம்பர் 16இல் பெர்லின் ஹோட்டல் ஒன்றில் இருந்த அக்குவாடோம் என்ற பெரிய மீன் தொட்டி ஒரேயடியாக வெடித்ததே. பத்து லட்சம் லீற்றர் தண்ணீர் தெருவுக்கு வந்தது. அவ்வளவு பெரிய பொறியியல் வேலையே உடைந்தால் எங்கள் ஊர்த் தொட்டி எம்மாத்திரம் என்று மனைவி கேட்கிறார்.

இரசமட்டம் (சம்மாந்துறை)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கட்டட வேலை என் தொழில். அதனால் சுமையைப் பற்றியும் மட்டத்தைப் பற்றியும் சொல்கிறேன்.

பெர்லினில் உடைந்தது அக்ரிலிக் என்ற தெளிந்த பிளாஸ்ரிக்கில் செய்த உருளை, பதினைந்து மீற்றருக்குக் கிட்டிய உயரம். வீட்டுத் தொட்டியின் கண்ணாடியும் சிலிக்கனும் வேறு வகை. ஆனால் அங்கே விசாரித்தவர்களாலும் இதுதான் காரணம் என்று ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர்கள் சொன்ன சாத்தியங்களில் ஒட்டு விட்டிருக்கலாம் என்பதும் ஒன்று, பராமரிப்புக்காகத் தண்ணீரை இறக்கியபோது அக்ரிலிக் காய்ந்து, மறுபடி நிரப்பியபோது பாதித்திருக்கலாம் என்பதும் ஒன்று. பொருள் வேறென்றாலும், ஒரு வருடம் வெறுமையாகக் கிடந்த தொட்டியைச் சோதிக்காமல் வீட்டுக்குள் வைக்க நான் விடமாட்டேன்.

சுமைக்கு வருவோம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. வாவிக்கரை தம்பியின் தொட்டி நிரம்பினால் 850 லீற்றர். கண்ணாடி மட்டும் 120 கிலோ வரும். மணல், கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் ஒரு தொன்னைத் தாண்டும். இத்தனையும் 12 சதுர அடி நிலத்தில் இறங்குகிறது. வீட்டு மேல்தளத்துக்கு ஒரு சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ வரை பாவனைச் சுமை (ஆட்களும் சாமான்களும் சேர்ந்த சுமை) என்று வைத்துத்தான் வழக்கமாகக் கணக்குப் போடுவோம். தம்பியின் தொட்டி நிற்கிற இடத்தில் அது 900 கிலோவுக்குக் கிட்டப் போகும். தளம் உடனே இடிந்து விழும் என்று சொல்லவில்லை, சுமை பக்கத்துக்குப் பரவும், சுவரோரம் பீமுக்கு மேலே வைத்தால் நிலைமை வேறு. ஆனால் கம்பி எப்படிக் கட்டினார்கள் என்று தெரியாத தளத்தில், அறையின் நடுவில் வைக்கவே கூடாது. மேல்மாடி வாசி, உங்கள் வீட்டைக் கட்டியவரிடம் பீம் எங்கே ஓடுகிறது என்று கேளுங்கள். தெரியாவிட்டால் ஒரு எஞ்சினியரைக் கூட்டிவந்து காட்டுங்கள்.

கீழ்வீடு என்றால் சுமை பிரச்சினை இல்லை என்று நினைப்பார்கள். நம்முடைய கரையோரம் எல்லாம் மணல். அத்திவாரத்துக்குள் மண் நிரப்பி, ஒழுங்காகத் தண்ணீர் விட்டு இடிக்காமல் மேலே மூன்று அங்குலக் கொங்கிரீட் போட்ட வீடுகள் ஏராளம். ஒரு தொன் சுமையை நான்கு சின்னக் கால்களில் வைத்தால் ஒரு கால் மெல்ல இறங்கும். நான்கு மில்லிமீற்றர் இறங்கினாலே போதும்.

இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். தொட்டி முழுவதும் ஒரு பக்கம் சற்றுச் சரிந்து நின்றால் அவ்வளவு ஆபத்தில்லை, அந்தப் பக்கம் தண்ணீர் கொஞ்சம் உயரும், அவ்வளவுதான். முறுகுவதுதான் தொட்டியைக் கொல்லும். மூன்று மூலை அழுந்தியிருக்க நாலாவது மூலை தொங்கினால், அடிக்கண்ணாடி துணி பிழிவது போல முறுகும். கண்ணாடிக்கு முறுகத் தெரியாது, சிலிக்கன் கிழியும் அல்லது அடி பிளக்கும். ஆகவே இரசமட்டத்தை நீளத்துக்கும் அகலத்துக்கும் வைத்தால் போதாது, மூலைக்கு மூலை இரண்டு நூல் பிடியுங்கள். நூல்கள் குறுக்கிடும் இடத்தில் ஒன்றை ஒன்று மெல்லத் தொட வேண்டும்.

நீலக்கெளிறு (கல்முனை)

கண்ணாடிவேலை தம்பி கேட்டதற்குப் பதில்: என்னுடையது 2 அடி உயரம், 12 மில்லிமீற்றர், மேலே பட்டி, குறுக்குப் பட்டி எல்லாம் உண்டு. அவசரப்பட்டு எழுதிவிட்டேன். இரண்டரை அடி, 10 மில்லிமீற்றர், குறுக்குப் பட்டி இல்லை என்றால் நானும் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மட்டத்துக்கு ஸ்டாண்டின் மேல் ரெஜிபோம் (பெட்டிகளுக்குள் வைக்கிற வெள்ளை நுரைப் பலகை) தாள் போட்டால் சின்ன மேடு பள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும் அல்லவா?

இரசமட்டம் (சம்மாந்துறை)

அரை அங்குல ரெஜிபோம் நல்லது, போடுங்கள். ஒரு மணல் துணிக்கை, ஆணித் தலை மாதிரியானவற்றை அது வாங்கும். முறுகிய ஸ்டாண்டை அது நேராக்காது. மற்றது, சுற்றிவரப் பிளாஸ்ரிக் சட்டம் போட்டு, அடிக்கண்ணாடி நிலத்தில் படாமல் உயர்ந்து நிற்கிற தொட்டிகளுக்கு அதைப் போடக்கூடாது. சுமை சட்டத்தில் நிற்க வேண்டும், ரெஜிபோம் நடுக் கண்ணாடியை மேலே தள்ளிவிடும்.

கிரான்குளத்துக் கோய்

வீட்டுக்குள்தான் வேண்டுமா? நான் முற்றத்தில், மாமர நிழலில் சீமெந்துத் தொட்டி கட்டியிருக்கிறேன். கசிந்தால் மரத்துக்குப் போகும். பக்கத்திலிருந்து மீனைப் பார்க்க முடியாது என்பது மட்டும்தான் குறை. புதுச் சீமெந்தில் உடனே மீன் விடாதீர்கள், பல முறை தண்ணீரை மாற்றிச் சுண்ணாம்புக் காரம் இறங்கிய பிறகு விடுங்கள்.

மேல்மாடி வாசி (மட்டக்களப்பு நகர்)

இரசமட்டம் நானாவுக்கு நன்றி. நான் 2 அடித் தொட்டியோடு நிறுத்திக்கொள்கிறேன். மனைவிக்கும் நிம்மதி.

வாவிக்கரை (கல்லடி)

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன். எல்லாரும் சொன்னதை வைத்து ஒரு சோதனை செய்தேன்.

தொட்டியை வீட்டுக்குள் கொண்டு போகவில்லை. குசினிக்குப் பின்னால் சீமெந்துத் தரையில் சீமெந்துக் கல் அடுக்கி, மேலே தடித்த பலகை போட்டு, மூலைக்கு மூலை நூல் பிடித்தோம். முதல் தடவை நூல்கள் ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளியில் நின்றன. ஒரு மூலைக் கல்லை எடுத்துச் சாந்து வைத்துச் சரிசெய்தோம். பிறகு ரெஜிபோம், அதற்கு மேல் தொட்டி. தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது.

ஒரேயடியாக நிரப்பாமல் முதல் நாள் 10 அங்குலம், அடுத்த நாள் 20 அங்குலம் விட்டேன். மூலை எல்லாவற்றிலும் வெளியே ரிசு பேப்பர் ஒட்டினேன், தண்ணீர் மட்டத்தில் ரேப் ஒட்டி அடையாளமிட்டேன். இரண்டு நாள் அப்படியே விட்டேன். ரிசு காய்ந்தபடி இருந்தது. மட்டம் இறங்கியதைக் கண்ணால் பிடிக்கவே முடியவில்லை. இந்தத் தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் 11 லீற்றர் போயிருக்கும், ஆகவே அந்த ரேப் அடையாளம் நல்ல உதவி.

பிறகு 26 அங்குலம் வரை விட்டேன். முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை நூல் கட்டி நடுவில் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். வெறுந்தொட்டியில் நூல் கண்ணாடியோடு ஒட்டி இருந்தது. இப்போது நடுக்கண்ணாடி நூலை 4 மில்லிமீற்றர் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. கையை வைத்தால் எதுவும் தெரியவில்லை, நூலில்தான் தெரிந்தது. அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. மூன்றாம் நாள் காலை, பின்பக்க இடது மூலையில் கீழிருந்து நாலு அங்குலத்தில் ஒட்டிய ரிசு, ஐந்து சத நாணயம் அளவுக்கு நனைந்திருந்தது.

உடனே இரண்டு ஹோஸ் போட்டுத் தண்ணீரை முற்றத்துக்கு உறிஞ்சிவிட்டேன். அம்மா கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்க வைக்காமப் பாத்தது நல்லது" என்றார்.

அந்த மூலைக்கு மட்டும் உள்ளே சிலிக்கன் பூசினால் போதுமா? கடைக்காரர் ஒருவர் போதும் என்கிறார்.

கண்ணாடிவேலை (செங்கலடி)

போதாது. காய்ந்த பழைய சிலிக்கனில் புதுச் சிலிக்கன் சரியாகப் பிடிக்காது. உள்ளே ஓரத்தில் தெரிகிற பட்டி வெறும் காவல். தொட்டியைத் தாங்குவது கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் இடையில் உள்ள ஒன்றிரண்டு மில்லிமீற்றர் சிலிக்கன்தான். விட்டுப்போயிருப்பது அது. மேலே பூசினால் சில மாதம் மறைந்திருக்கும், பிறகு டீச்சர் வீட்டுக் கதைதான்.

ஆனால் அந்தக் கண்ணாடிகளை எறிய வேண்டாம். தொட்டியைப் பிரித்து, உயரத்தை ஒன்றரை அடியாக வெட்டிக் குறைத்துப் புதிதாக ஒட்டலாம். ஒன்றரை அடிக்கு முன்கண்ணாடியில் விழுவது 190 கிலோ, இரண்டரை அடிக்கு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. குறுக்குப் பட்டியும் போட்டால் 10 மில்லிமீற்றர் நிம்மதியாகத் தாங்கும். 500 லீற்றர் தொட்டி கிடைக்கும், மகளும் நின்றபடியே பார்ப்பாள். வெட்டும் முன் கண்ணாடியை வெயிலில் சாய்த்துக் கீறல் பார்க்க வேண்டும். நகம் தட்டுப்படுகிற கீறல் இருந்தால் அந்தத் துண்டை மாற்றுங்கள்.

ஒட்டுகிறவரிடம் சிலிக்கன் ரியூப்பை வாங்கிப் பாருங்கள். பாத்ரூமுக்கு விற்கிற, பூஞ்சணம் பிடிக்காது என்று எழுதியது வேண்டாம், அந்த மருந்து மீனுக்கு நஞ்சு. பழையதைப் பிளேட்டால் சுரண்டி, அசற்றோனால் துடைத்த பிறகு விரல் படக்கூடாது, வியர்வை எண்ணெய் பட்ட இடத்தில் ஒட்டாது. நம் வெக்கைக்குச் சிலிக்கன் ஐந்து பத்து நிமிடத்தில் மேலே ஆடை கட்டிவிடும். ஒரு ஆள் பூச, இரண்டு ஆள் கண்ணாடியைப் பிடிக்க வேண்டும். ஆடை கட்டிய பிறகு அசைத்தால் அந்த மூலை போச்சு. ஒட்டி ஒரு கிழமை தொடவே வேண்டாம். வினாகிரி மணம் முற்றாகப் போன பிறகு தண்ணீர் விடுங்கள்.

ஆரையம்பதி டீச்சர்

தம்பி, பிளக் எல்லாவற்றையும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் வையுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி ஏறட்டும், வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

வாவிக்கரை (கல்லடி)

கண்ணாடிகளைப் பிரித்தாயிற்று. பின்கண்ணாடியில் அடிப்பக்கம் ஒரு கீறல், நகத்தில் தட்டுப்பட்டது. வெட்டிப் போகிற பகுதியில்தான் அது வருகிறது, அதனால் அந்தத் துண்டே போதும் என்று அளந்து பார்த்துவிட்டார்கள். நாளைக் காலை ஒட்டுகிறோம், வெயில் ஏறும் முன். கண்ணாடிவேலை அண்ணன், வேலை முடிந்ததும் செங்கலடி வந்து உங்களைப் பார்க்கிறேன்.

கண்ணாடிவேலை (செங்கலடி)

வாருங்கள் தம்பி. ஒட்டின திகதியை ஒரு துண்டில் எழுதி, அடிக்கண்ணாடியின் கீழே வெளியிலிருந்து ஒட்டி விடுங்கள். பத்து வருடம் கழித்துத் தொட்டியை யார் எடுத்தாலும் அவர்களுக்குத் தெரியட்டும்.